பிள்ளையின் பதற்றம் ஸ்கேனில் தெரியுமா?

பரீட்சை நெருங்கினால் பத்தாம் வகுப்புப் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். பள்ளிக்கூடப் பேச்சை எடுத்தாலே உள்ளங்கை வியர்க்கிறது. இரவில் தூக்கம் இல்லை. ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று; குறை ஒன்றும் இல்லை. "மூளைக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமா டாக்டர்?" என்று பெற்றோர் கேட்பது அதற்கு அப்புறம்தான். அசட்டுக் கேள்வி என்று இதைத் தள்ள முடியாது. பதின்பருவப் பதற்றத்தை மூளைப் படங்களின் வழியே புரிந்துகொள்ளப் பெரிய பெரிய ஆய்வுகள் நடக்கின்றன. அந்த ஆய்வுகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டால் வீண் செலவும் அலைச்சலும் மிச்சமாகும்.

படத்தில் விழுவது என்ன?

சாதாரண எம்.ஆர்.ஐ. மூளையின் அமைப்பைக் காட்டும். எக்ஸ்-ரே, சி.டி. ஸ்கேனில் இருப்பது போன்ற கதிர்வீச்சு இதில் கிடையாது. அதனால்தான் ஆரோக்கியமான பிள்ளைகளையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் படமெடுத்து ஆராய முடிகிறது.

மூளை வேலை செய்வதைப் பார்க்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. இன்னொரு வகை. ஆக்சிஜன் ஏற்றிய ரத்தமும் அதை இழந்த ரத்தமும் காந்தப்புலத்தில் வேறுவேறு மாதிரி நடந்துகொள்கின்றன. 1990-இல் செய்ஜி ஒகாவா இந்த வேறுபாட்டைப் படமாக்கலாம் என்று காட்டினார். மூளையின் ஒரு பகுதி சுறுசுறுப்பானால் அங்கே ரத்த ஓட்டம் கூடும்; அது உச்சத்துக்கு வர ஐந்தாறு விநாடி ஆகும். கருவி பிடிப்பது அந்த ரத்த ஓட்டத்தைத்தான், பயத்தை அல்ல. செய்திகளில் நாம் பார்க்கும் சிவப்பு, மஞ்சள் திட்டுகள் கணக்குப் போட்டபின் கணினி பூசிய வண்ணங்கள்.

வளர்ந்துகொண்டே இருக்கும் மூளை

அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் குழுவினர் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் படமெடுத்து 1999-இல் வெளியிட்ட முடிவுகள் அப்போது பலரை வியக்கவைத்தன. மூளையின் முன்பகுதியில் உள்ள சாம்பல்நிறப் பொருள் பெண்பிள்ளைகளுக்குச் சுமார் 11 வயதிலும் ஆண்பிள்ளைகளுக்குச் சுமார் 12 வயதிலும் உச்சத்தை எட்டி, பிறகு குறைகிறது. அந்தக் குறைவு முதிர்ச்சியின் ஒரு பகுதி. திட்டமிடவும் உணர்ச்சியை அடக்கவும் உதவும் முன்மூளைப் புறணி முழுதாக முதிர 25 வயதை நெருங்கிவிடும்.

ஆபத்தை மோப்பம் பிடிப்பதில் அமிக்டலா என்ற சிறிய பகுதிக்கு முக்கியப் பங்குண்டு. பயந்த முகங்களின் படங்களைக் காட்டும்போது, பதற்றக் கோளாறு உள்ள பிள்ளைகளிடம் இது சராசரியைவிடக் கூடுதலாகத் துலங்குவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அமிக்டலாவுக்கும் முன்மூளைக்கும் இடையிலான தொடர்பு சுமார் பத்து வயதையொட்டி மாறத் தொடங்குவதாக 2013-இல் ஓர் ஆய்வு சொன்னது. 'எல்லாம் நடிப்பு, ஸ்கூலுக்குப் போகாமல் இருக்கச் சாக்கு' என்று திட்டும் மாமாக்களுக்குச் சொல்ல இதுவே போதும்.

குழாய்க்குள் படுப்பது லேசல்ல

இந்தத் துறையின் இப்போதைய பெரும் முயற்சி அமெரிக்காவின் 'ஏ.பி.சி.டி.' ஆய்வு. 2016 முதல் 2018 வரை 21 மையங்களில் 9, 10 வயதுள்ள 11,800-க்கும் அதிகமான பிள்ளைகளைச் சேர்த்தார்கள். பத்தாண்டுகள் அவர்களைப் பின்தொடர்வது திட்டம். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஸ்கேன். இடையிடையே மனநிலை, தூக்கம், குடும்பச் சூழல் பற்றிய கேள்விகள்.

கேட்க எளிது. குறுகிய குழாய்க்குள், டமடமவென்ற சத்தத்துக்கு நடுவே, அசையாமல் கிடக்க வேண்டும். அதனால் காந்தம் இல்லாத மாதிரிக் கருவியில் முதலில் பழக்குகிறார்கள். அமைப்பைப் படமெடுக்கும்போது பிள்ளைகள் வீடியோ பார்க்கலாம். பல் கிளிப்பின் உலோகம் படத்தைக் கோணலாக்கும். பதின்பருவத்தில் கிளிப் போட்டவர்களுக்கா பஞ்சம்? தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தாலே கணக்கு மாறிவிடுகிறது. வயதுக்கேற்ப மூளை இணைப்புகள் மாறுவதாக முன்பு சொன்னவற்றில் ஒரு பங்கு, சின்னப் பிள்ளைகள் அதிகம் அசைந்ததால் வந்த மாயை என்று 2012-இல் தெரியவந்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படும் சிக்கல் வேறு. குழாயைக் கண்டதும் மிரண்டு 'மாட்டேன்' என்று எழுந்து போகும் பிள்ளைகளில் ஆய்வுக்கு மிகவும் தேவைப்பட்ட பிள்ளைகளும் இருப்பார்கள்.

கூட்டத்தின் சராசரியும் உங்கள் பிள்ளையும்

2020-இல் 90 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, ஒரே ஆளை இருமுறை எஃப்.எம்.ஆர்.ஐ. எடுத்தால் முடிவுகள் போதிய அளவு ஒத்துப்போவதில்லை என்றது. 2022-இல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை இன்னும் கறாரானது. இத்துறை ஆய்வுகளில் பெரும்பாலும் 25 பேர் அளவில்தான் பங்கேற்பார்கள். ஆனால் மூளைக்கும் மனநிலைக்கும் உள்ள தொடர்பை நம்பிச் சொல்ல ஆயிரக்கணக்கானோர் வேண்டும் என்று அது காட்டியது. தொடர்பு அவ்வளவு மெலிதானது. பதற்றம் உள்ள பல பிள்ளைகளின் படம் பதற்றம் இல்லாதவர்களின் படம் போலவே இருக்கும். எனவே ஒரு படத்தை வைத்து 'இந்தப் பிள்ளைக்குப் பதற்றக் கோளாறு' என்று இன்று எந்த நிபுணரும் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஸ்கேன் எப்போது, மற்றபடி என்ன?

வலிப்பு, தலையில் அடி, காலையில் தலைவலியோடு வாந்தி, பார்வைக் கோளாறு, கை கால் பலவீனம், திடீர்க் குழப்பம் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். ஸ்கேன் தேவையா என்று அவர் முடிவு செய்வார். படபடப்போடு எடையும் குறைந்தால் தைராய்டு பார்க்க வேண்டும்.

மற்றபடி நோயைக் கண்டறிவது பொறுமையான பேச்சில்தான். எப்போதிலிருந்து, எதைக் கண்டு பயம், எதையெல்லாம் தவிர்க்கிறான் என்பவற்றை எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்கு உதவும். சிகிச்சைக்குச் சான்றும் பலமாக உள்ளது. அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையிலான 488 பிள்ளைகளிடம் செய்து 2008-இல் வெளியான ஆய்வில், 12 வார முடிவில் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் சுமார் 60 சதவீதமும், மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் சுமார் 81 சதவீதமும் நன்றாகத் தேறினார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 24 சதவீதம்தான். பயப்படும் விஷயத்தைச் சின்னச் சின்னப் படிகளாகச் சந்திக்கவைப்பது இச்சிகிச்சையின் உயிர். பாவம் என்று தினமும் லீவு போட்டு வீட்டிலேயே வைத்துக்கொண்டால் அன்றைக்கு நிம்மதிதான்; பயம் மட்டும் இன்னும் வேரூன்றும்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், பிள்ளை பேசத் தயங்கினால் பெற்றோர் முதலில் பேசலாம்.