டி. எம். கிருஷ்ணா

டி. எம். கிருஷ்ணா (பிறப்பு: 22 சனவரி 1976) தமிழ்நாட்டைச் சேர்ந்த கருநாடக இசைப் பாடகர், நூலாசிரியர், இதழ்களில் பத்தி எழுதுபவர். கலைக்குள் சாதி செயல்படும் விதம் பற்றி எழுதி வருபவர். வடசென்னையின் எண்ணூர்க் கழிமுகச் சீரழிவைப் பாடிய 'சென்னை பொறம்போக்கு பாடல்' மூலம் கச்சேரி கேளாத பலருக்கும் அறிமுகமானார்.

இசைப் பயிற்சி

சென்னையில் பிறந்த கிருஷ்ணா, பாகவதுல சீதாராம சர்மாவிடம் இசை கற்றார். செங்கல்பட்டு ரங்கநாதன், செம்மங்குடி சீனிவாச ஐயர் ஆகியோரிடமும் பயின்றார். 12 வயதில் மேடையேறினார். கல்லூரியில் பொருளியல் படித்தார்.

எழுத்து

கருநாடக இசையின் வரலாற்றையும் அழகியலையும் ஆராயும் இவரது ஆங்கில நூல் 2013இல் வெளிவந்தது. 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' (2020) மிருதங்கம் செய்யும் கைவினைஞர்களைப் பற்றியது. மாட்டுத்தோல் இன்றி மிருதங்கம் இல்லை. ஆயினும் தோலைப் பதப்படுத்தி வாத்தியம் செய்யும் தலித் கிறித்தவக் குடும்பங்களின் பெயர் இசை வரலாற்றில் இடம்பெறவில்லை என்பதை அந்நூல் சுட்டுகிறது. அதன் வெளியீட்டுக்கு அளித்திருந்த அனுமதியைக் கலாசேத்திரா திரும்பப் பெற்றதால், விழா சென்னையிலேயே வேறு இடத்தில் நடந்தது.

எண்ணூரும் பொறம்போக்குப் பாடலும்

கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலில் கலக்கிறது. மீனும் இறாலும் தந்து மீனவர்களை வாழவைத்த இக்கழிமுகம், அனல்மின் நிலையச் சாம்பலாலும் தொழில் ஆக்கிரமிப்பாலும் தூர்ந்து வந்தது. இதைப் பேசும் பாடலின் காணொளி 2017 சனவரியில் வெளியானது. கபேர் வாசுகி எழுத, ஆர். கே. ஸ்ரீராம்குமார் இசையமைத்தார். ரதீந்திரன் பிரசாத் இயக்கிய காணொளி எண்ணூரிலேயே படமாக்கப்பட்டது.

புறம்போக்கு என்பது தனியாருக்குப் பட்டா இல்லாத, வரி விதிக்கப்படாத நிலம். ஏரி, குளம், ஆற்றங்கரை, மேய்ச்சல் நிலம் போன்றவை இதில் அடங்கும். பேச்சுவழக்கில் அச்சொல் உதவாதவரைத் திட்டும் வசையாயிற்று. ஊருக்குப் பொதுவான நிலம் பயனற்ற நிலமாகக் கருதப்பட்டதற்கும் அது ஆக்கிரமிக்கப்பட்டதற்கும் உள்ள தொடர்பைப் பாடல் காட்டுகிறது. சென்னைப் பேச்சுத்தமிழ் வரிகள் ஆனந்தபைரவி, பேகடா உள்ளிட்ட இராகங்களில் இராகமாலிகையாக அமைந்துள்ளன. செவ்வியல் மேடை ஒதுக்கிவைத்த பேச்சுமொழியை அதே இசையில் கேட்கச் செய்தது இப்பாடலின் தனித்தன்மை.

விருதுகளும் சர்ச்சையும்

2016இல் ரமோன் மக்சேசே விருது பெற்றார். 2024ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி விருதைச் சென்னை மியூசிக் அகாதெமி இவருக்கு அறிவித்தபோது, இவரது கருத்துகளை ஏற்காத இசைக்கலைஞர்கள் சிலர் அவ்வாண்டு இசைவிழாவிலிருந்து விலகினர். அகாதெமி தன் முடிவில் மாறவில்லை. 2025 சனவரி 1 அன்று விருது வழங்கப்பட்டது.