சமுதாயக் கல்லூரிச் செவிலியர் கல்வி (ஐக்கிய அமெரிக்கா)

சமுதாயக் கல்லூரிச் செவிலியர் கல்வி என்பது ஐக்கிய அமெரிக்காவில் பதிவுபெற்ற செவிலியர் ஆவதற்கான வழிகளுள் ஒன்றாகும். பொது நிதியில் இயங்கும் சமுதாயக் கல்லூரிகளில் ஈராண்டுப் படிப்பாக இது கற்பிக்கப்படுகிறது. இதை முடிப்பவர்கள் செவிலியத்தில் அசோசியேட் பட்டம் பெறுகின்றனர். கட்டணம் குறைவு என்பதால், வேலை பார்த்துக்கொண்டே படிப்போரும் குடும்பப் பொறுப்புள்ளோரும் இவ்வழியை நாடுகின்றனர்.

வரலாறு

முன்னர் பெரும்பாலான செவிலியர்கள் மருத்துவமனைகள் நடத்திய மூன்றாண்டுப் பட்டயப் பள்ளிகளில் பயின்றனர். அங்கு மாணவியரின் உழைப்பு மருத்துவமனையின் அன்றாடப் பணிக்கே பெரிதும் பயன்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செவிலியர் பற்றாக்குறை நிலவியபோது, கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த மில்ட்ரெட் மொன்டாக், ஈராண்டுக் கல்லூரிப் படிப்பை 1951இல் முன்மொழிந்தார். 1952இல் முன்னோடித் திட்டம் தொடங்கியது. பட்டதாரிச் செவிலியருக்குத் துணையாகப் பணியாற்றும் 'தொழில்நுட்பச் செவிலியரை' உருவாக்குவதே அவரது நோக்கம். ஆனால் இரு சாராருக்கும் உரிமம் ஒன்றாகவே அமைந்ததால், நடைமுறையில் அந்த வேறுபாடு நிலைக்கவில்லை.

பாடத்திட்டம்

உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் போன்ற பாடங்களைப் பொதுவாக முன்னதாகவே முடித்திருக்க வேண்டும். எனவே 'ஈராண்டு' எனப்படும் படிப்பு பலருக்கு மூன்று ஆண்டுகள் வரை நீள்கிறது. வகுப்புப் பாடங்களுடன் அறுவைப் பிரிவு, மகப்பேறு, குழந்தை நலம், மனநலம் ஆகியவற்றில் ஆசிரியரின் மேற்பார்வையில் நேரடிப் பயிற்சியும் உண்டு. பயிற்சி இடங்களும் ஆசிரியர்களும் குறைவாக இருப்பதால், சேர்க்கை இடங்களுக்குப் போட்டி மிகுதி.

உரிமத் தேர்வு

நான்காண்டு இளநிலைப் பட்டம் பெற்றவர்கள் எழுதும் அதே என்கிளெக்ஸ்-ஆர்என் தேர்வையே இவர்களும் எழுதுகின்றனர். 1994 முதல் இது கணினிவழி நடைபெறுகிறது. தேர்வர் அளிக்கும் விடைகளுக்கேற்ப அடுத்த வினாவின் கடினத்தன்மை மாறும். உரிமத்தை மாநிலச் செவிலியர் வாரியம் வழங்குகிறது.

மேற்படிப்பு

உரிமம் ஒன்றே எனினும், வேலைவாய்ப்பு ஒன்றல்ல. இளநிலைப் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை தரும் மருத்துவமனைகள் பல. நியூயார்க் மாநிலம் 2017இல் இயற்றிய சட்டம், புதிதாக உரிமம் பெறுவோர் பத்து ஆண்டுகளுக்குள் செவிலியத்தில் இளநிலைப் பட்டம் பெற வேண்டும் என்கிறது. பணியில் இருந்தபடியே அப்பட்டம் பெறுவதற்கான தொடர்படிப்புகள் உள்ளன. ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்குமுன், அதன் செவிலியர் படிப்புக்கு மாநில வாரியத்தின் ஒப்புதல் உள்ளதா, தொடர்படிப்புக்கு அதன் பாடங்கள் ஏற்கப்படுமா என்பதை உறுதிசெய்துகொள்வது இன்றியமையாதது.