மலிவுக் கட்டண விமான சேவையை ஆரம்பித்தல்

தேவையற்ற செலவுகளைக் குறைத்து, குறைந்த கட்டணத்தில் பயணிகளை ஏற்றிச் செல்லும் சேவையே மலிவுக் கட்டண விமான சேவை எனப்படும்.

ஹட்டன் பஸ் தரிப்பிடத்தில் தனியார் பஸ்கள் ஆசனங்கள் நிரம்பும்வரை காத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பத்துப் பேர் சென்றாலும் ஐம்பது பேர் சென்றாலும் சாரதியின் சம்பளமும் டீசல் செலவும் பெரிதாக மாறுவதில்லை. விமானத்துக்கும் இது பொருந்தும்.

உதாரணம்: ஒரு பயணத்தின் மொத்தச் செலவு 27 இலட்சம் ரூபா எனவும், கட்டணம் 20,000 ரூபா எனவும் கொள்வோம். 135 பேர் பயணித்தால்தான் செலவு ஈடாகும். 90 பேர் எனின் நட்டம். 180 பேர் எனின் இலாபம்.

ஆனால் விமானம் ஆள் சேரும்வரை காத்திருக்க முடியாது. எனவே இச்சேவைகள்,

1. முன்கூட்டியே பதிவு செய்வோருக்குக் குறைந்த விலையில் ஆசனங்களை விற்கும்.
2. ஒரே வகை விமானங்களைப் பயன்படுத்திப் பராமரிப்பு, பயிற்சிச் செலவுகளைக் குறைக்கும்.
3. உணவுக்கும் பயணப் பொதிகளுக்கும் தனியாகப் பணம் அறவிடும்.
4. தரையிறங்கிய விமானத்தை விரைவாக மீண்டும் புறப்படச் செய்யும்.

இலங்கை அரசு 2007 இல் மிஹின் லங்கா என்னும் மலிவுக் கட்டண விமான சேவையை ஆரம்பித்தது. 2008 இல் இடைநிறுத்தப்பட்ட இச்சேவை 2009 இல் மீண்டும் தொடங்கியது. பெரும் நட்டங்களைச் சந்தித்த பின்னர், 2016 இல் ஸ்ரீலங்கன் விமான சேவையுடன் இணைக்கப்பட்டது.

அரச நிறுவனத்தின் நட்டம் இறுதியில் பொதுமக்கள் மீதே சுமத்தப்படுகிறது. விமானத்தில் ஒருபோதும் ஏறாத தோட்டத் தொழிலாளியும் கடையில் பொருள் வாங்கும்போது மறைமுக வரி செலுத்துகிறார் அல்லவா?

நினைவிற் கொள்க: குறைந்த கட்டணம் பயணிகளைச் சேர்க்கும். ஒருவருக்கான செலவு அக்கட்டணத்திலும் குறைவாக இருந்தால் மட்டுமே நிறுவனம் நிலைக்கும்.