கூரையில்லா ஜீப்பில் சீட் பெல்ட்

குன்றத்தூருக்குத் தென்மேற்கே, ஒரகடம் தொழிற்சாலையிலிருந்து புதிய கார்கள் சீட் பெல்ட்டுடனேயே வெளிவருகின்றன. கூரையில்லாத பழைய ஜீப்புக்கு அதை எங்கே பொருத்துவது? கணக்கிட்டுப் பார்ப்போமா?

60 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்கிறார். அவரது இயக்க ஆற்றல் 3,000 ஜூல். ஜீப் மரத்தில் மோதி நின்றாலும், நிலைமத்தால் அவர் உடல் முன்னோக்கிப் பாயும். ஜீப்பின் முகப்பு நசுங்குவதையும் பெல்ட் நீள்வதையும் சேர்த்து, அவர் அரை மீட்டருக்குள் நிற்பதாகக் கொள்வோம். பெல்ட் தரவேண்டிய சராசரி விசை 6,000 நியூட்டன். ஏறத்தாழ 600 கிலோ எடைக்குச் சமம்! மெல்லிய தகட்டில் முடுக்கிய போல்ட் அதைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும் அல்லவா? ஆகவே சேஸிஸ் சட்டத்திலோ, தடித்த எஃகுத் தகடு வைத்து வலுவூட்டிய இடத்திலோதான் பொருத்தவேண்டும்.

இது இடுப்புப் பட்டைக்கு. தோள்பட்டைக்கு? 1959-இல் வோல்வோ பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கிய மும்முனை பெல்ட்டின் மேல்முனை, காரின் பக்கத் தூணில் நிற்கிறது. ஜீப்பில் அந்தத் தூணே இல்லை. மேல்முனையை இருக்கைக்குப் பின்னால் தரையில் மாட்டினால், மோதலின்போது பட்டை தோளைக் கீழ்நோக்கி இழுத்து முதுகெலும்பை அழுத்தும். எனவே, சேஸிஸுடன் இணைந்த எஃகுக் குழாய் வளைவு முதலில் தேவை. அது தோள் உயரத்தில் பெல்ட்டைத் தாங்கும். வண்டி கவிழ்ந்தால் தலையையும் காக்கும்.

இனி ஜீப்பில் பெல்ட்டைக் கண்டால், அதன் போல்ட் எதில் முடிகிறது என்று குனிந்து பாருங்கள்!