மயில்துத்த நீலமும் வாண நீலமும்

"மயில்துத்தம் தண்ணில நீலம், வாணத்துலயும் தாமிரம்தான் நீலம். ரெண்டும் ஒண்ணுதானே?" சிவகாசி நண்பர் ஒருவர் கேட்டார். உலோகம் ஒன்றுதான், நீலம் வேறு.

கரைசலில் தாமிர அயனியைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் தங்கள் எலக்ட்ரான் இணையைக் கொடுத்து ஒட்டிக்கொள்கின்றன. இவை ஈனிகள், மொத்தக் கூட்டமும் அணைவு அயனி. ஈனிகள் தாமிரத்தின் டி-ஆர்பிட்டால்களை இரண்டு ஆற்றல் மட்டங்களாகப் பிரிக்கின்றன. அந்த இடைவெளிக்கு ஏற்ப சிவப்பு ஒளி உறிஞ்சப்படுகிறது, நமக்கு மிஞ்சுவது நீலம். படிகத்தைச் சூடாக்கி நீரை விரட்டினால் வெள்ளைப் பொடிதான். கரைசலில் அம்மோனியா சேர்த்தால் ஈனி மாறி அடர்நீலம்.

வாணத்தில் கதையே தலைகீழ். அங்கே ஒளி உறிஞ்சப்படுவதில்லை, உமிழப்படுகிறது. உமிழ்வது தாமிரமும் குளோரினும் சேர்ந்த வாயு மூலக்கூறு. சூடு கூடினால் அது உடைந்துவிடும், நீலம் வெளிறிப்போகும். நல்ல நீலம் அபூர்வமாக இருப்பது இதனால்தான்.

பச்சைக்கும் இதே வழி: பேரியம்-குளோரின் மூலக்கூறு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்தது. "வேற உப்பு போட்டா போதாதா?" என்றால், போதாது. பேரியம் நைட்ரேட் நிறத்தோடு எரிவதற்கான ஆக்சிஜனையும் தருகிறது. அதை எடுத்தால் கலவை முழுவதையும் மாற்றியாக வேண்டும். சிவகாசியின் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.