சாயத்தைப் பிடிக்கும் கரி: தேயிலைக் கழிவுக்கு இன்னொரு வேலை

நான் வாழும் ஹாலிஎலவின் நீர் பதுளு ஓயாவில் கலந்து, துன்ஹிந்தவில் விழுந்து, மகாவலியைச் சேர்கிறது. அந்த மகாவலி மூதூர் அருகே கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. மலையில் நீரில் விடுவது மலையோடு நிற்பதில்லை.

சாயக் கழிவுநீர் என்ன செய்யும் என்பதற்குத் திருப்பூர் சாட்சி. நொய்யல் ஆறு கெட்டது. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது.

பல சாயங்கள் வெயிலுக்கும் சவர்க்காரத்துக்கும் அசையாதபடி தயாரிக்கப்படுபவை. அதனால் மண்ணிலும் நீரிலும் அவை எளிதில் சிதைவதில்லை. அவற்றை நீரிலிருந்து பிரிக்கும் ஒரு வழிதான் செயலூட்டிய கரி.

அடுப்புக்கரி இதற்குப் போதாது. சிரட்டை, உமி, தேயிலைத் தொழிற்சாலை ஒதுக்கும் தண்டு, நார் போன்றவற்றை முதலில் காற்றுக் குறைந்த சூளையில் கரியாக்க வேண்டும். பிறகு 800 பாகை செல்சியசுக்கு மேல் நீராவி செலுத்த வேண்டும். அப்போது கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறக்கும். நல்ல கரியில் ஒரு கிராமின் உட்பரப்பே 1,000 சதுர மீற்றர் வரை இருக்கும். சாய மூலக்கூறுகள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. இலங்கை சிரட்டைக் கரியிலிருந்து இதைச் செய்து பல காலமாக ஏற்றுமதி செய்கிறது. தேயிலைக் கழிவும் மெத்திலீன் நீலம் போன்ற சாயங்களை ஈர்ப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

வடக்கில் பனை ஓலைக்குச் சாயம் ஏற்றி வாழும் பெண்களுக்கும் இது பொருந்தும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் ஊற்றும் நீர் விரைவில் கிணற்றை அடையும். சாயநீரைத் தெளியவிட்டு, துணியில் வடித்து, கரி நிரப்பிய குழாயில் மெதுவாக இறக்கலாம். வெளிவரும் நீரில் நிறம் தெரியத் தொடங்கினால் கரி நிரம்பிவிட்டது என்று பொருள், மாற்ற வேண்டும்.

ஆனால் நிறம் போனதும் நீர் சுத்தமாகிவிட்டதென்று நம்பக்கூடாது. சாயமேற்றச் சேர்க்கும் உப்பைக் கரி பிடிக்காது. திருப்பூரில் வயல்களைக் கெடுத்ததில் உப்புக்கும் பங்குண்டு. இந்த நீர் குடிக்க உதவாது. சாயம் ஏறிய கரியைத் தோட்டத்தில் கொட்டினால், மழை அதில் ஒரு பகுதியை மீண்டும் கழுவிவிடலாம்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். கரிச்சூளை எங்கே அமையும்? லயன் அறைகளுக்குப் பக்கத்தில் புகை விட்டுக்கொண்டு ஆற்றைச் சுத்தம் செய்வதில் நியாயமில்லை. கழிவு பணமாகும்போது, அந்தத் தேயிலையைப் பறித்த கைகளுக்கும் அதில் பங்கு வேண்டும்.