பெட்ரோல் வரியில் எங்கள் ஊருக்கு ஒரு பஸ்

ஆரணியைச் சுற்றி ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று பட்டு நெய்யும் ஊர்கள் நிறைய. முதலாளியிடம் பாவும் ஊடையும் ஜரிகையும் வாங்கி வந்து, வீட்டுத் தறியில் நெய்து, புடவையைக் கொடுத்துக் கூலி வாங்குகிறவன் நான். போக வர டிவிஎஸ் எக்ஸ்எல்தான். பாவை வேட்டியில் சுற்றி, மேலே பாலிதீன் போட்டு, நசுங்காமல் கட்டுவதே ஒரு வேலை. கூலி புடவைக்கு இவ்வளவு என்று பேசியது. பெட்ரோல் செலவும் அதற்குள்தான்.

2025 ஏப்ரலில் மத்திய அரசு பெட்ரோலுக்கு லிட்டருக்கு 2 ரூபாய் கலால் வரி ஏற்றியது. கச்சா எண்ணெய் விலை இறங்கியிருந்த நேரம் என்பதால் பங்கில் விலை ஏறவில்லை. இறங்கியிருக்க வேண்டியது இறங்கவில்லை, அவ்வளவுதான். அதோடு மத்திய வரி 21.90 ரூபாய் ஆனது. அதில் மாநிலங்களோடு பங்கிடும் அடிப்படைக் கலால் வரி 1.40 மட்டும், மற்றதெல்லாம் சிறப்பு வரி, செஸ். தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் 3 ரூபாய் குறைத்த பிறகும் 13 சதவீதமும் லிட்டருக்கு 11.52 ரூபாயும் வாங்குகிறது.

வரி கூடினால் ஜனங்கள் வண்டி எடுப்பதைக் குறைப்பார்கள், புகையும் குறையும் என்கிறார்கள். வேறு வழி இருக்கிற ஊரில் அது நியாயம். நான் பாவு எடுக்கப் போவதைக் குறைக்க முடியுமா? தங்கச்சி வீட்டுக்குப் போவதைத்தான் குறைத்தேன்.

வண்டி ஓட்டம் குறைந்ததை வேறொரு விஷயத்தில் கண்ணால் பார்த்தேன். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு வேண்டாம் என்றானது. அதற்குமுன் என் மனைவியை ஆரணியில் கொண்டுபோய் விட்டு, திரும்பப் போய்க் கூட்டி வருவேன். இப்போது அவள் பஸ்ஸில் போய்விடுகிறாள். மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்து, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்றது. எங்கள் வீட்டில் அந்தக் காசு மளிகைக்குப் போகிறது.

ரயில் கதை வேறு. ஆரணி ரோடு ஸ்டேஷன் இருப்பது களம்பூரில். ஆரணி வழியாகத் திண்டிவனம்–நகரி பாதைக்கு 2006-07இல் அனுமதி கிடைத்தது. டவுனுக்கு ரயில் இன்னும் வரவில்லை.

வரியைக் குறையுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பணத்தில் விடிகாலையிலும் இருட்டிய பிறகும் நெசவு கிராமங்களுக்கு இன்னொரு நடை பஸ் விடுங்கள். பாவு மூட்டை வைக்க அதில் இடம் கொடுங்கள். அந்த ரயில் பாதையையும் முடியுங்கள்.